எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க

"இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது, டீச்சர்."

பால்வண்ணம் சார் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

ஜுலைகா டீச்சர் நிமிரவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் கிழிந்த கதைப் புத்தகங்களைப் பரப்பி வைத்து, மைதாப் பசையால் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பிள்ளைக்கு, சார்?"

"இசக்கியம்மா. மூணாங் கிளாஸ். சொல்லியிருக்கேனே."

"உக்காருங்க."

"உக்கார வரல. எனக்கு வயிறு எரியுது."

பொய் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் பூலாங்கரையிலிருந்து மேட்டுப் பாதையில் மிதித்து வந்த மூச்சு ஒரு பக்கம் வாங்கியது. ஆத்திரம் மறுபக்கம்.

இந்த இரண்டு பேரில் யார் குரு, யார் சீடர் என்று பார்த்ததும் சொல்லிவிட முடியாது. சாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. டீச்சருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. சார் வேலையில் சேர்ந்த வருடம் டீச்சர் பிறந்திருப்பாரோ என்னவோ.

ஆனாலும் போன வருடம் ஒருநாள் சார் லீவு போட்டுவிட்டு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கடைசி வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கணக்குக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டதைப் பார்த்தார். பாடியதைக் கேட்டார். மணி அடித்த பிறகும் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். சாயங்காலம் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லிக்குடுங்க."

அன்று டீச்சர் அதிகம் பேசவில்லை.

"மண்டையைப் பிச்சுக்கிடுத மாதிரி கணக்கு குடுங்க, சார். பாட விடுங்க. படிக்க விடுங்க."

அவ்வளவுதான் உபதேசம்.

"நீங்க சொன்னதை அப்படியே செஞ்சேன்," என்றார் சார் இப்போது. "திங்கக்கிழமை சவால் கணக்கு. புதன்கிழமை பாட்டு. நானே ஆர்மோனியம் வாசிக்கேன். வெள்ளிக்கிழமை கதை. எங்க ஊருக்கு வந்து கேட்டுப் பாருங்க. பிள்ளைங்க சொல்லுத சத்தத்துல ஓடு அதிருது. தெருவுல போறவன் நின்னு கேட்டுட்டுப் போறான்."

"நல்லது."

"அத்தன பேரும் சொல்லுதாங்க. இவ ஒருத்தி மட்டும் நட்டு வச்ச கல்லு. தனியா எழுப்பிக் கேட்டா ஒரு வார்த்தை வராது. என் வாயையே பாத்துக்கிட்டு நிப்பா."

"உங்க வாயையா?"

"ஆமா. பதில் என் வாயில ஒட்டியிருக்குங்குத மாதிரி."

டீச்சர் ஒரு பக்கத்தை ஒட்டி, உலர்வதற்காக ஊதினார்.

"இப்ப என்ன அவசரம், சார்? மூணாங் கிளாஸ்தானே."

"அவசரம் எனக்கு இல்ல. அவ அப்பனுக்கு. சுடலைமுத்து. தேங்கா மண்டியில மூட்டை தூக்குதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரான். 'எனக்கு எழுத்துத் தெரியாது சார், வருமா வராதா, ஒத்த வார்த்தை சொல்லுங்க'ங்கான். வராதுன்னா கோவில்பட்டியில தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிருவான். அங்க கைப்பிள்ளைய வச்சுக்கிட ஆள் வேணுமாம்."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"வராதுன்னுதான். பின்னே, பொய் சொல்லச் சொல்லுதீங்களா?"

டீச்சர் அடுத்த புத்தகத்தை எடுத்தார். அதில் ஒரு யானைக்குத் தும்பிக்கை இல்லை. கிழிந்த தும்பிக்கையைக் குவியலுக்குள் தேடிக்கொண்டே கேட்டார்.

"அவ பாடுவாளா, சார்?"

"பாட்டா! அந்தக் கூத்தை ஏன் கேக்கீங்க? தகரத்தை ரோட்டுல இழுத்த மாதிரி ஒரு குரல். பாட்டு ஒரு பக்கம் போகும், இவ ஒரு பக்கம் போவா. ஆண்டு விழாவுக்குப் பெரிய அதிகாரிங்க வாராங்க. அதனால ஒரு சின்ன ஏற்பாடு பண்ணிட்டேன்."

"என்ன ஏற்பாடு?"

"சத்தம் வேண்டாம், வாயை மட்டும் அசைன்னுட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே அசைக்கா. பாக்கதுக்குப் பாடுத மாதிரியே இருக்கும்."

டீச்சரின் கை பசைக் கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

சாரை ஒருமுறை பார்த்தார். பிறகு தும்பிக்கையைப் பார்த்தார்.

அந்தப் பார்வை சாருக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டார்.

"புத்தகத்தையெல்லாம் இப்படியா கிழிக்க விடுவாங்க? எங்க பள்ளிக்கூடத்துல வந்து பாருங்க. பழுப்பு அட்டை போட்டு, நம்பர் எழுதி, பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன். ஒரு ஓரம் மடங்கியிருக்காது."

"அப்போ கதையெல்லாம் பீரோ படிச்சிருக்கும்."

"கிண்டல் பண்ணாதீங்க. நான் வாசிக்கேன், பிள்ளைங்க திருப்பிச் சொல்லுதாங்க. அதுக்குப் பேரு வாசிப்பு இல்லியா?"

"வெள்ளிக்கிழமை நான் வரட்டுமா, சார்?"

"தாராளமா வாங்க. வந்து பாருங்க. பாத்துட்டு, இசக்கிக்குப் படிப்பு வரும்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க, பாப்போம்."

சைக்கிள் பெல்லை வேண்டுமென்றே ஒரு தடவை அடித்துவிட்டுப் போனார்.

*

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஜுலைகா டீச்சர் பூலாங்கரைக்கு வந்தார்.

"வணக்கம்... டீச்சர்...!"

ஓடு அதிர்ந்தது. சார் சொன்னது பொய் இல்லை.

டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்துச் சுவரோரம், பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி ஜன்னல் திட்டில் உட்கார்ந்துகொண்டார்.

கரும்பலகையில் அந்த வாரத்துச் சவால் கணக்கு இருந்தது. சாரின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகள் 8. எல்லாம் ஆட்டோவும் பைக்கும்தான். சக்கரங்களை எண்ணினால் 21. ஆட்டோ எத்தனை? பைக் எத்தனை?

"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!" என்றார் சார்.

"ஆட்டோ அஞ்சு! பைக் மூணு!"

சார் டீச்சரைப் பார்த்தார். எப்படி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

"யார் கண்டுபிடிச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"செவ்வாக்கிழமை நான் பெருக்கிக் கழிச்சுப் போட்டுக் காட்டினேன். புதன்கிழமைக்குள்ள அத்தன பேருக்கும் மனப்பாடம்."

"ஓ."

பிறகு கதை. சார் பீரோவைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பூட்டினார். சாவியைச் சுவரில் ஆணியில் மாட்டினார். புத்தகத்தை விரல் நுனியால் விரித்து, முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அணில் சொன்னது, இந்த மரம் என்னுடையது."

"அணில் சொன்னது! இந்த மரம் என்னுடையது!"

"மரங்கொத்தி சொன்னது, அப்படியானால் இந்த ஓட்டை யாருடையது?"

"மரங்கொத்தி சொன்னது! அப்படியானால் இந்த ஓட்டை யாருடையது!"

வழியில் போன ஒருவர் உண்மையிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு, டீச்சருக்காக, பாட்டு. சார் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து துருத்தியை இழுத்தார். ஆண்டு விழாவுக்காக அவரே கட்டிய ஓடைப் பாட்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே போகும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வரிசையில், சிவப்பு ரிப்பன் கட்டி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதன் வாய் பாட்டுக்குச் சரியாகத் திறந்தது, குவிந்தது, மூடியது. ஒரு எழுத்துக்கூடப் பிந்தவில்லை. கண்கள் மட்டும் பக்கத்து வாய், எதிர் வாய், சார் வாய் என்று மாறி மாறிப் போய் வந்தன.

பாட்டு முடிந்ததும் சார் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இதுல ஒரு குறை சொல்ல முடியாது. இப்ப பாருங்க." குரல் உயர்ந்தது. "ஏட்டி இசக்கி! எந்திரி! அணில் என்ன சொல்லிச்சு?"

சிவப்பு ரிப்பன் கட்டிய இசக்கி எழுந்தாள்.

சாரின் வாயைப் பார்த்தாள்.

"என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? அணில் என்ன சொல்லிச்சு?"

அவள் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தாள்.

"இப்பத்தானே சொன்னோம்! அணிலே இங்க வந்து காதுல சொன்னாத்தான் சொல்லுவியா?"

வகுப்பு சிரித்தது.

ஜுலைகா டீச்சர் சட்டென்று தலையைத் தூக்கினார். பாட்டு ஒரு மூலையிலிருந்து வந்திருந்தது. சிரிப்போ நாலு மூலையிலிருந்தும் வந்தது.

"உக்காரு," என்றார் சார். "உங்கப்பன் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவான். இப்ப நான் அவன்கிட்ட என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்க டீச்சர். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்? கணக்கு குடுத்தாச்சு, பாட்டு குடுத்தாச்சு, கதை குடுத்தாச்சு. எடுத்துக்கிடத் தெரியலன்னா அது யார் தப்பு?"

டீச்சர் ஜன்னல் திட்டிலிருந்து இறங்கினார்.

"பாட்டை இன்னொரு தடவ பாடச் சொல்லுதீங்களா, சார்?"

"எதுக்கு?"

"ஒரு விளையாட்டு." டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். "நான் நடந்து வருவேன். யார் தோளைத் தொடுதேனோ, அவங்க மட்டும் பாட்டை நிறுத்திரணும். மத்தவங்க பாடிக்கிட்டே இருக்கணும். சரியா?"

"சரி... டீச்சர்...!"

"ஆர்மோனியம் வேண்டாம், சார்."

பாட்டு தொடங்கியது.

டீச்சர் மெதுவாக வரிசைக்குள் நடந்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் காதைக் கொஞ்சம் சாய்த்தார். தொடவில்லை. நகர்ந்தார். முதல் வரிசை ஓரத்தில், குட்டையாக, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் நின்றார். அருள்மணி என்று பெயர்.

தொட்டார்.

பாட்டு பாதியாக இளைத்துவிட்டது.

அவனுக்குப் பின்னால் தங்கபுஷ்பம். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டார்.

பாட்டு நின்றுவிட்டது.

ஆனால் வாய்கள் நிற்கவில்லை. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, ஜன்னலோரம், கதவோரம், அத்தனை வாயும் அசைந்துகொண்டிருந்தன. திறந்தன, குவிந்தன, மூடின. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அத்தனை வாயும் கேட்டுக்கொண்டிருந்தன.

கூரையில் ஓணான் ஓடுவது கேட்டது.

சார் ஒரு விரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். மறு காதையும் குடைந்தார்.

"பாடுங்கல!" என்று கத்தினார்.

வாய்கள் வேகமாக அசைந்தன.

*

"என்னல இது?"

வாய்கள் ஒவ்வொன்றாக மூடின.

"கேக்கேன்ல! என்ன இது?"

தங்கபுஷ்பம் எழுந்தாள். அவளுக்குத்தான் சாரைவிடக் கோபமாக இருந்தது போலிருக்கிறது. கண்ணெல்லாம் தண்ணீர்.

"நானும் அருள்மணியும்தான் சார் தெனமும் கத்துதோம். தொண்டை வலிக்கு. எங்கம்மா சுக்குத் தண்ணி போட்டுத் தாரா. இவங்க எல்லாரும் சும்மா வாயை வாயை ஆட்டுதாங்க. ஆண்டு விழாவுல இவங்களுக்கும் பென்சில் பாக்ஸ் குடுப்பீங்களா?"

"எத்தன நாளா?"

"ரொம்ப நாளா, சார்."

"வாய்ப்பாடு சொல்லும்போது?"

"அதுவும் நாங்கதான்."

"கதை?"

"அதுவும்."

"கணக்கு விடை?"

"அது நான் சார்," என்றான் அருள்மணி. "தங்கபுஷ்பம் பின்னாலயே சேந்துக்கிடுவா."

சாரின் முகம் கறுத்தது.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் தெனமும் 'எல்லாரும் நல்லாச் சொன்னீங்க'ம்பீங்களே," என்றாள் தங்கபுஷ்பம். "நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்."

சார் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்தக் களவாணித்தனத்தை யாரு சொல்லிக்குடுத்தா உங்களுக்கு? உண்மையைச் சொல்லணும்!"

ஒரு தலை மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பியது. இன்னொரு தலை திரும்பியது. பிறகு எல்லாத் தலையும்.

"இசக்கிதான், சார்."

"இசக்கியா!"

"தப்பாச் சொன்னா நீங்க ஏசுதீங்க. தெரியாம முழிச்சாலும் ஏசுதீங்க. இசக்கியை மட்டும் பாட்டுல ஏச மாட்டேங்கீங்க. 'நல்லா அசைக்கா'ன்னு வேற சொல்லுதீங்க. அதான் எப்படி அசைக்கணும்னு அவகிட்ட கேட்டோம். இன்டர்வல்ல வேப்ப மரத்துக்குக் கீழ செஞ்சு காட்டினா."

இன்னொரு பையன் உற்சாகமாகிவிட்டான்.

"பக்கத்துல உள்ளவன் தாடையப் பாக்கணும் சார். சத்தம் வரதுக்கு முந்தியே தாடை கெளம்பிரும். அதப் புடிச்சுக்கிடணும். 'மா'ன்னா முதல்ல மூடணும். 'ஓ'ன்னா ஒரு நெல்லிக்கா போற அளவு தெறக்கணும்..."

"வாய மூடுல!"

அவன் மூடினான்.

"உன்னால," சார் இசக்கியைப் பார்த்து விரலை நீட்டினார், "உன்னால என் பள்ளிக்கூடமே..."

"சத்தம் போடாதீங்க, சார்."

ஜுலைகா டீச்சரின் குரல் அதுவரை அப்படி இருந்ததில்லை. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சாரும்தான்.

"நீங்க சொன்னதை அப்படியே செஞ்சிருக்காங்க," என்றார் டீச்சர்.

சார் ஆர்மோனியப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தெரியாமல் கட்டையில் கை பட்டு, அது ஒரு தரம் முனகியது.

ஆனால் ஆத்திரம் அவ்வளவு சீக்கிரம் வடிகிற சாதி இல்லை அவர்.

"சரி டீச்சர். ஒத்துக்கிடுதேன். என் வகுப்பே பொய்யி. அதுக்காக இசக்கிக்குப் படிப்பு வந்துருமா? வாயைப் பாத்து வாயை அசைக்கது குரங்குகூடச் செய்யும். அதைப் படிப்புன்னு சொல்லச் சொல்லுதீங்களா? அவ அப்பன்கிட்ட நான் அதையா சொல்ல?"

டீச்சர் வரிசையை விட்டு வெளியே வந்தார்.

கரும்பலகைக்குப் போனார். சவால் கணக்கில் 8 இருந்த இடத்தை விரலால் அழித்தார். 21 இருந்த இடத்தையும் அழித்தார். மற்ற எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. எண்கள் இருந்த இடம் மட்டும் வெறுமையாக.

திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

முதல் வெற்றிடத்தில் விரலை வைத்தார். வாயைத் திறந்தார். ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை.

இரண்டாவது வெற்றிடத்தில் விரலை வைத்தார். மறுபடியும் வாய் அசைந்தது. கொஞ்சம் நீளமாக.

"என்ன சொன்னீங்க?" என்றார் சார். "கேக்கல."

டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை.

இசக்கி டீச்சரைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். காலடியில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்தாள். தரையில் குனிந்துகொண்டாள்.

இரண்டு புள்ளி வைத்தாள். கொஞ்சம் தள்ளி, இன்னும் இரண்டு. இன்னும் தள்ளி, இன்னும் இரண்டு. சிமெண்டுத் தரையில் ஜோடி ஜோடியாகப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன.

நிறுத்தினாள். உதடு அசைய, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

பிறகு முதல் ஜோடியின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள். அடுத்ததன் தலையில் ஒன்று. அடுத்ததன் தலையில் ஒன்று. அடுத்ததில் ஒன்று வைத்துவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் எண்ணினாள்.

சாக்பீஸைக் கீழே வைத்தாள். எழுந்தாள்.

ஒரு கையில் நாலு விரல். மறு கையில் மூன்று.

"என்ன இது?" என்றார் சார்.

யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவரே எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் குந்தினார். புள்ளிகளை எண்ணினார். மூன்று சக்கரம் உள்ளது, இரண்டு சக்கரம் உள்ளது என்று விரலை ஊன்றி ஊன்றி எண்ணினார்.

"வண்டி ஏழு... சக்கரம் பதினெட்டு..." நிமிர்ந்தார். "இதையா கேட்டீங்க, டீச்சர்?"

டீச்சர் தலையாட்டினார்.

சார் மறுபடி புள்ளிகளைப் பார்த்தார்.

"நான் இப்படிப் போட்டுக் காட்டலியே. பெருக்கிக் கழிச்சுல்லா காட்டினேன். இவ எல்லாத்தையும் முதல்ல பைக்கா நிறுத்திட்டு... மிஞ்சின சக்கரத்தை ஒண்ணொண்ணா மாட்டியிருக்கா." குரல் மறுபடி ஏறியது. இந்தத் தடவை யார்மேல் ஏறுகிறது என்று அவருக்கே தெரியவில்லை. "இது யாரு இவளுக்குச் சொல்லிக்குடுத்தது? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

இசக்கி அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் சாரைப் பார்த்து, தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார்; பிறகு தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

டீச்சர் இசக்கி பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்.

இசக்கி நேராகச் சுவருக்குப் போனாள். எக்கி, ஆணியிலிருந்த சாவியை எடுத்தாள்.

"ஏட்டி!"

பீரோவைத் திறந்தாள்.

"ஏட்டி, அட்டை கிழிஞ்சிரும்!"

சாரின் கை தன்னால் மேலே போனது. வகுப்பு முழுவதும் அந்தக் கையைப் பார்த்தது.

கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு இறங்கியது.

"சேர்ந்து சொல்ல வேண்டாம்," என்றார் ஜுலைகா டீச்சர் பிள்ளைகளிடம். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்க. அவங்கவங்க புத்தகத்தை அவங்கவங்க வாயால வாசிங்க. தெரியாத எழுத்து வந்தா பக்கத்துல கேளுங்க."

கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. முதலில் ஓடியது தங்கபுஷ்பம்தான். பிறகு பீரோவே தெரியவில்லை. சர்ரென்று எங்கோ ஒரு பக்கம் கிழிந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம் தொடங்கியது.

ஒருத்தி எழுத்துக் கூட்டினாள். ஒருவன் படத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கதை விட்டான். ஒருத்தி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப இடித்தாள். ஒருவன் பாட்டுப் புத்தகம் கிடைத்து, அவனுக்குத் தெரிந்த ஒரே ராகத்தில் அதை இழுத்தான். ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஒன்றும் கேட்க நன்றாக இல்லை. தெருவில் போனவர்கள் நிற்காமல் போனார்கள்.

*

சுடலைமுத்து வந்து வாசலில் நின்றது யாருக்கும் தெரியவில்லை.

குளித்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். தோளில் துண்டு. உள்ளே வரலாமா என்று தெரியாமல், செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சார் பார்த்துவிட்டார். எழுந்து போனார்.

"வணக்கம் சார். நம்ம பிள்ள விசயமா."

"ம்."

"நாளைக்குக் கோவில்பட்டி பஸ்ஸுக்கு என் தங்கச்சி மாப்பிள்ள வந்து நிப்பாரு. அனுப்பணும்னா துணிமணி எடுத்து வைக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது, சார். நீங்க சொன்னாச் சரி. வருமா, வராதா? ஒத்த வார்த்தை."

அந்த அறையில் இப்படி ஒரு சத்தம் எழுந்தால் சார் வழக்கமாக என்ன செய்வார் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பிரம்பால் மேசையில் ஒரு தட்டு. 'சைலன்ஸ்' என்று ஒரு அதட்டல். அவ்வளவுதான், கூரை ஓணான்கூட நின்றுவிடும்.

பிரம்பு கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

சார் அதைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். எடுக்கவில்லை.

சுடலைமுத்துவின் பக்கம் திரும்பிப் பதிலைச் சொன்னார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"என்ன சார்?"

மறுபடி சொன்னார்.

சுடலைமுத்து காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "கேக்கலியே சார். பிள்ளைங்க போடுத சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. வருமா? வராதா?"

மூன்றாவது வரிசைப் பக்கம் பாதி திரும்பியிருந்த சாரின் உதடுகள் மூன்றாவது தடவையாக அசைந்தன.

அப்போது அந்த இரைச்சலுக்கு நடுவில், மூன்றாவது வரிசையிலிருந்து, தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி ஒரு குரல் எழுந்து வாசல் வரைக்கும் வந்தது.

"வரும்ங்காருப்பா!"